தறப்பாளுக்குக் கீழே மூன்று இரவுகள்

எங்கள் வீட்டில் மூன்று தறப்பாள்கள் இருக்கின்றன. முதலாவது நீலம். நெல் காயப்போட. இரண்டாவது பச்சை. லாண்ட்மாஸ்டர் பெட்டியில் உரமோ மரக்கறியோ ஏற்றினால் மேலே மூடிக் கட்ட. மூன்றாவது வெள்ளை. அதை ஒருத்தரும் தொடுவதில்லை. அம்மாவின் றங்குப்பெட்டிக்கு அடியில் எட்டாய் மடிந்து கிடக்கும். வருசத்துக்கு ஒருக்கா வெளியில் எடுத்து, தூசு தட்டி, திரும்பவும் அதே மடிப்பில் மடித்து வைப்பா. அதன் ஒரு பக்கத்தில் ஐக்கிய நாடுகள் அமைப்பொன்றின் நீல எழுத்துகள் மங்கிப்போய்க் கிடக்கின்றன.

இந்தக் கட்டுரை ஒரு சின்னப் பெட்டி வண்டியின் பக்கத்தில் தறப்பாளால் பத்தி இறக்குவது எப்படி என்பதைப் பற்றியது. அந்த மூன்றாவது தறப்பாளைப் பற்றியதும்தான். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கம்பஸில் எங்கள் பட்ச்சில் கொஞ்சப் பேருக்கு இப்போது காம்பிங் ஆசை. றிவர்ஸ்டன், மீமுரே, நக்கிள்ஸ் என்று லீவு கிடைத்தால் கூடாரத்தோடு கிளம்பி விடுவார்கள். ஹொஸ்டலில் என்னோடு ஒரே றூமில் இருக்கிறவள் இன்னும் ஒரு படி மேலே. இரவில் படுத்துக்கொண்டு வெளிநாட்டுக் கரவன் வீடியோக்களைப் பார்ப்பாள். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்னப் பெட்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு. பெட்டி சின்னன் என்பதால் ஆட்கள் உண்மையில் இருப்பது வெளியில்தான். அதனால் பெட்டியின் பக்கத்தில் ஒரு துணிக்கூரையை இறக்குவார்கள். 

அதை அவர்கள் செய்கிற விதம் அழகானது. பெட்டியின் பக்கச் சுவரில் நீளத்துக்கு ஒரு அலுமினியத் தவாளிப்பு இருக்கும். கூரைத்துணியின் ஓரத்துக்குள் ஒரு கயிறு வைத்துத் தைத்திருப்பார்கள். அந்த ஓரத்தைத் தவாளிப்பின் ஒரு முனையால் கொடுத்து மற்ற முனை வரைக்கும் இழுத்தால், பாவாடைக்கு நாடா கோர்த்த மாதிரித் துணி பெட்டியோடு சேர்ந்துவிடும். பிறகு வெளி மூலைகளுக்கு இரண்டு தடி, ஒவ்வொன்றுக்கும் இழுவைக் கயிறு, சரிவாக அடித்த முளைகள். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முதல், எல்லா வீடியோக்களிலும் ஒரே விசயத்தைத்தான் சொல்கிறார்கள். பெட்டியை மட்டமாக நிறுத்து. சில்லுக்குக் கட்டை வை. காற்று பலத்தால் கூரையை உடனே சுருட்டு.

நான் ஒருநாள் அவளிடம் சொன்னேன், "இது எங்கட ஊரில பத்தி இறக்கிறது. வேறொண்டுமில்லை." வீட்டுச் சுவரோடு சேர்த்து ஒரு பக்கச் சரிவாகக் கூரை போட்டால் அதற்குப் பெயர் பத்தி. வீட்டுக்கு இறக்கலாம், மாட்டுக்கொட்டிலுக்கு இறக்கலாம், வண்டிக்கும் இறக்கலாம். வண்டிக்குப் பத்தி இறக்கி ஆயிரக்கணக்கான சனம் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஓகஸ்ட் மாதம் மடுவுக்குப் போக வேண்டும்.

மடு மாதா கோயிலின் ஓகஸ்ட் திருவிழா 6ஆம் திகதி கொடியேறி 15ஆம் திகதி முடியும். அங்கே இருக்கிற விடுதிகள் வருகிற சனத்துக்குப் போதாது. மிச்சப் பேர் காட்டு மரங்களுக்குக் கீழேதான். பஸ், வான், லொறி, உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர் என்று வந்து நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தறப்பாள், ஒரு அடுப்பு, ஒரு கொடிக்கயிறு. சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களச் சனம், மன்னார்ச் சனம், யாழ்ப்பாணச் சனம், எங்களைப் போல வேதக்காரர் அல்லாத சைவச் சனம், எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள்.

அந்த இடத்தின் கதையே ஒதுங்க இடம் தேடின கதைதான். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கருக்கு நெருக்குதல் வந்தபோது, மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தவர்கள் அமைத்த கோயில் அது. 1670 என்று சொல்வார்கள். 1924 யூலை 2ஆம் திகதி அந்தச் சொரூபத்துக்கு முடி சூட்டினார்கள். 1990இலிருந்து யுத்தத்துக்குப் பயந்து வந்த ஆயிரக்கணக்கான சனம் அந்த வளவிலேயே அகதிகளாக இருந்தது. 1999 நவம்பரில் ஷெல் விழுந்து, கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தவர்களில் பலர் செத்துப்போனார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்க, குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருசம் ஓகஸ்டில்தான் திரும்பிவந்தது. 2015 யனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து நின்றதும் அங்கேதான். இன்றைக்குப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற அதே மரநிழலில் ஒரு காலத்தில் அகதிக் கொட்டில்கள் இருந்தன.

எங்கள் வீடு மல்லாவிப் பக்கம். அம்மா மடுவுக்குப் பல தடவை போயிருக்கிறா. விடியப் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடுவா. ஒரு இரவும் தங்கியதில்லை. அப்பா ஒவ்வொரு வருசமும் கேட்பார், "இஞ்சேர், இந்த முறை தங்குவமே?" அம்மா ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லுவா. மாடு ஈனப்போகுது. சோதினை வருகுது. கால் நோகுது. பொருட்காட்சிக்குப் போற மாதிரி எல்லாரும் தங்குகிறார்களே, அம்மாவுக்கு மட்டும் என்ன என்று எனக்கும் தம்பிக்கும் விளங்கியதில்லை.

போன வருசம் ஏ.எல். றிசல்ட் வந்து தம்பிக்குக் கம்பஸ் கிடைக்கும் என்று உறுதியான அன்று இரவு, சோற்றைப் போட்டுக்கொண்டே அம்மா சொன்னா: "நேத்தி ஒண்டு கிடக்கு. இனித் தள்ளேலாது."

2009இல் நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். எனக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. ஓகஸ்ட் நடுப்பகுதியில் பெரிய மழை. கூடாரங்களுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தம்பிக்கு அப்போது ஐந்து நாளாகக் காய்ச்சல். அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதற்கு மேலே விடிய விடிய இருந்திருக்கிறா. பக்கத்துக் கூடாரத்து அக்கா ஒருவர் சொன்னாராம், மடு இங்கேயிருந்து தூரமில்லை, இன்றைக்குத்தான் அங்கே திருநாள் என்று. அம்மா அந்தப் பக்கம் பார்த்து நேர்ந்திருக்கிறா: இவன் தப்பினால், இவனையும் கொண்டுவந்து, இதே தறப்பாளுக்குக் கீழே மூன்று இரவு உன் காலடியில் படுப்பேன்.

தம்பி தப்பினான். 2010இல் ஊருக்குத் திரும்பினபோது அந்தத் தறப்பாள்தான் எங்களின் முதல் வீடு. பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு வந்தது. தறப்பாள் றங்குப்பெட்டிக்கு அடியில் போனது. நேர்த்தி அப்படியே நின்றது. நேர்த்தியை நிறைவேற்ற வேண்டுமென்றால் அம்மா திரும்பவும் அதற்குக் கீழே படுக்க வேண்டும். பதினைந்து வருசமாக அம்மாவால் செய்ய முடியாமல் இருந்தது அந்த ஒன்றைத்தான்.

ஓகஸ்ட் 12ஆம் திகதி விடிய லாண்ட்மாஸ்டரில் புறப்பட்டோம். அப்பா ஓட்ட, மாமா, அம்மா, தம்பி, நான் பெட்டிக்குள். அரிசி, சட்டி பானை, இரண்டு தண்ணிக் கான், ஆறு தடி, ஒரு அலவாங்கு, ஒரு மண்வெட்டி, இரண்டு கட்டு நைலோன் கயிறு. மடுக் காட்டில் தடி வெட்டக்கூடாது, ஆகவே தடி வீட்டிலிருந்தே. வெள்ளைத் தறப்பாளை அம்மா தன் காலடியில் வைத்திருந்தா.

கோயிலுக்குத் தெற்குப் பக்கமாக ஒரு பாலை மரத்தடி கிடைத்தது. அப்பாவும் மாமாவும் வேலையைத் தொடங்கினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக்கொண்டேன், றூம்காரிக்குச் சொல்லத்தான்.

முதல் வேலை பெட்டியை நிறுத்துவது. லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கு இரண்டே சில்லு. மெசினைக் கழற்றினால் முன்பக்கம் மூக்குக் குத்தும். அதனால் கழற்ற முதலே முன் சட்டத்துக்குக் கீழே ஒரு முட்டுக் கொடுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார்கள். தட்டில் தண்ணி ஊற்றி, பெட்டிக்குள் வைத்து, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து முட்டை உயர்த்தினார் மாமா.

இரண்டாவது காற்று. ஓகஸ்டில் வன்னியில் அடிப்பது சோளகம், தென்மேற்கிலிருந்து. ஆகவே பெட்டி காற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர் மாதிரி நிற்க வேண்டும். பத்தியின் திறந்த பக்கம் வடகிழக்கே பார்க்க வேண்டும். மாறி நிறுத்தினால் தறப்பாள் காற்றை வாங்கி ஊதி எழும்பும்.

மூன்றாவது சரிவு. பெட்டியின் இரண்டு மூலைகளில் ஏழடி உயரத்துக்குத் தடி கட்டி, அவற்றின் குறுக்கே ஒரு வளை. தறப்பாள் 4 மீற்றருக்கு 5 மீற்றர். அதன் ஒரு ஓரத்தைப் பெட்டியின் காற்றுப் பக்கத்துச் சட்டத்தில் கட்டி, வளைக்கு மேலால் எடுத்து, முன்பக்கம் ஐந்தடித் தடிகளுக்கு இறக்கினார்கள். பத்தடிக்கு இரண்டடி சரிவு. கீழே இரண்டு கயிற்றைப் பெருக்கல் அடையாளம் மாதிரிக் குறுக்கே இழுத்தார்கள். அப்போதுதான் நடுவில் தொய்ந்து தண்ணிக் குழி விழாது. முன் மூலைகளில் ஒன்றை மற்றதைவிட ஒரு சாண் பதித்தார்கள். மழை வந்தால் தாவாரத்தண்ணி எல்லாம் அந்த ஒரு மூலையால் விழும், அங்கே வாளி வைக்கலாம்.

விரிக்கத் தொடங்கும்போது அம்மா முதல் தடவையாக வாய் திறந்தா. "மாத்திப் போடுங்கோ. எழுத்து உள்ளுக்குள்ள கிடக்கட்டும்."

"ஏன் அக்கா, பக்கம் எல்லாம் ஒண்டுதானே?" என்றார் மாமா.

"வெளியால போறவை ஏன் வாசிக்கோணும்? நாங்கள் இப்ப நிவாரணத்தில இருக்கிற சனமே?"

மாமா ஒன்றும் சொல்லாமல் மாற்றினார்.

பின்னேரம் காற்று பலத்தது. பழைய தறப்பாள்தானே, முன் மூலையில் கயிறு கோர்த்த வளையம் பறந்துவிட்டது. கிழிந்த இடத்தில் கறுப்பு நெசவு தெரிந்தது. அப்பா புதிதாக ஒரு ஓட்டை போடக் கத்தி எடுத்தார். அம்மா கத்தியைப் பறிக்காத குறையாக வந்து நின்றா. "ஓட்டை போடாதேங்கோ, அது பிறகு கிழிஞ்சுகொண்டே போகும்." குனிந்து பாக்களவில் ஒரு உருண்டைக் கல்லைப் பொறுக்கி, தறப்பாளின் மூலைக்கு உள்ளே வைத்து, வெளியால் துணியோடு சேர்த்துப் பொத்திப் பிடித்து, அந்தக் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினா. மொத்தமாக அரை நிமிசம் கூட இல்லை. கல் உருவி வராது, தறப்பாள் கிழியாது, காற்று எவ்வளவு இழுத்தாலும் முடிச்சு இறுகத்தான் செய்யும். மற்ற மூலைகளையும் அப்படியே மாற்றிவிட்டு, மண்வெட்டியை எடுத்துச் சுற்றிவர ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டத் தொடங்கினா.

"உதெல்லாம் எங்க அம்மா பழகினனீங்கள்?" என்று கேட்டேன்.

"பழகேல்ல. கட்டினது."

அன்று இரவு தம்பி தூங்கின பிறகு நானும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தோம். மேலே அந்த நீல எழுத்துகள். அம்மா விரல் மடித்துக் கணக்குச் சொன்னா. மல்லாவியிலிருந்து வெளிக்கிட்ட நாள் முதல் எத்தனை இடத்தில் தறப்பாள் கட்டியது என்று. தருமபுரம். விசுவமடுவில் இரண்டு தரம். உடையார்கட்டு. சுதந்திரபுரம். இரணைப்பாலை. பொக்கணை. முள்ளிவாய்க்காலில் எத்தனை என்று அவவுக்கே சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் முந்தின இடத்தைவிடத் தறப்பாள் சின்னனாகிக்கொண்டே வந்ததாம்.

"கட்டேக்க முதல் பாக்கிறது ரெண்டு. தண்ணி எந்தப் பக்கத்தால வரும், ஷெல் எந்தப் பக்கத்தால வரும். ஷெல்லுக்குப் பங்கர் வெட்டலாம். மழை வந்தாப் பங்கருக்குள்ளயும் தண்ணி. உன்ர கூறைச்சீலையத்தான்..." என்று தொடங்கி, தன்னைத் திருத்திக்கொண்டா. "என்ர கூறைச்சீலையத்தான் வெட்டி மண்மூட்டை தைச்சனான். உனக்கெண்டு வைச்சிருந்தது."

நான் பேச்சை மாற்ற ஒன்று சொன்னேன். இந்தத் தறப்பாளின் நடு நெசவு ஏன் கறுப்பு என்று எங்கேயோ வாசித்திருந்தேன். வெளிச்சம் ஊடுருவாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்களாம். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் ஆட்களின் நிழல் வெளியே தெரியாது.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "அதை யோசிச்சது ஒரு பொம்பிளையாத்தான் இருக்கும்" என்றா.

மழை இரண்டாம் இரவு வந்தது. அந்தக் காலத்தில் மடுவில் பெருமழை வழமை இல்லை, ஆனால் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் இடிமின்னலோடு கொட்டியது. எங்கள் மூலை சரியாக வேலை செய்தது. மூன்று வாளி தண்ணி பிடித்தோம். பக்கத்தில் நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒரு சின்ன வானில் வந்திருந்தது. வானின் பக்கத்தில் மடிப்புக் கால் வைத்த, கடையில் வாங்கின நல்ல கூரை. தட்டையாக இழுத்துக் கட்டியிருந்ததால் நடுவில் தண்ணி தேங்கி, கூரை ஒரு பெரிய வயிறு மாதிரித் தொங்கியது. உள்ளே இரண்டு சின்னப் பிள்ளைகள் அழுதார்கள்.

அம்மா குடை கூட எடுக்காமல் போனா. தடியால் கீழே இருந்து தள்ளித் தண்ணியை ஊற்றி, ஒரு காலைக் கட்டையாக்கி, மூலையில் கல் வைத்துக் கட்டினா. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அந்த வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் தெரிந்தது. நீர்கொழும்புக் கடற்கரைத் தமிழ். "எங்கே மகள் இதெல்லாம் கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்ன சொல்லப்போகிறா என்று தெரியவில்லை.

"செட்டிகுளத்தில முகாமில இருந்தனாங்கள், அம்மா. அதுக்கு முதல் அங்கால, முல்லைத்தீவில."

பாட்டி அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. ஆறுதலாகவும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வானுக்குள் இருந்து ஒரு துவாயை எடுத்து அம்மாவின் தலையைத் துடைத்துவிட்டார். காலையில் பிளேன்ரீயும் ஒரு பெட்டி கொக்கிசும் வந்தது. அதற்கு மேல் அந்தக் கதையைப் பற்றி இரண்டு பக்கமும் பேசவில்லை. இதில் ஏதோ நல்லிணக்கம் நடந்துவிட்டது என்று நான் எழுத விரும்பவில்லை. ஒரு கேள்விக்கு அம்மா உண்மையான பதில் சொன்னா, கேட்டவர் கையை விடவில்லை. நடந்தது அவ்வளவு.

15ஆம் திகதி திருநாள் பூசை முடிந்து, சொரூப ஆசீர்வாதமும் முடிந்து, சனம் கிளம்பத் தொடங்கியது. எல்லாப் பக்கமும் கூரைகள் இறங்கின. மாமாவுக்கு அவசரம். மழையில் ஊறி இறுகிப்போன முடிச்சுகளை அறுத்துவிடுவோம் என்று கத்தியோடு வந்தார். அம்மா விடவில்லை. ஒவ்வொரு முடிச்சாக, நகத்தாலும் பல்லாலும் அவிழ்த்து, கல்லை எடுத்துக் கீழே போட்டு, கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுற்றிக் கட்டினா. முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

"அந்த நேரம் எல்லாம் அறுத்துப்போட்டுத்தான் ஓடினது" என்றா. "ஒரு தரமும் அவிழ்க்கேல்ல."

அதற்குப் பிறகு நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். எங்கள் பட்ச்காரர் நக்கிள்ஸில் கட்டுகிற கூடாரத்துக்கும் அம்மா பொக்கணையில் கட்டினதுக்கும் துணியில், கயிற்றில், சரிவில் பெரிய வித்தியாசம் இல்லை. காற்றும் தண்ணியும் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சோதிக்கும். வித்தியாசம் அவிழ்ப்பதில் இருக்கிறது. எப்போது அவிழ்ப்போம் என்று தெரிந்து கட்டுகிறவர்களுக்கு அது பயணம். தெரியாமல் கட்டுகிறவர்களுக்கு அதற்கு வேறு பெயர். காம்பிங் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் படம் போடுவது எனக்குக் கோபம் தரவும் இல்லை. எங்கள் தலைமுறைக்கு ஒரு கூடாரம் வெறும் கூடாரமாக இருக்க முடிகிறது என்றால் அது நல்ல விசயம்தான். ஆனால் இந்த நாட்டில் அது எல்லாருக்கும் வெறும் கூடாரம் இல்லை என்பதும், அந்த வேலையை மிகத் திறமாகச் செய்யத் தெரிந்தவர்கள் பலர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதும் கூடவே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த லீவுக்கு றூம்காரியும் இன்னும் நாலு பேரும் எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறார்கள். குளக்கட்டில் ஒரு இரவு தங்க ஆசையாம். லாண்ட்மாஸ்டர் பெட்டியைத் தர அப்பா சம்மதித்துவிட்டார். பச்சைத் தறப்பாள் போதும். கல் வைத்து மூலை கட்டுவதை அம்மாவே காட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறா. எங்கே படித்தது என்று அவர்கள் கேட்டால் சொல்லுவாவா என்று நான் கேட்கவில்லை. அது அம்மாவின் விருப்பம்.